வாயாடியின் புருஷன்

"தோள் கொடுக்காத, தள்ளி நில்லு." சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்த தேலினின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அவன் மனைவி சாய்யுன். "வயித்தக் கிழிச்சுத் தச்சு வருசம்கூட ஆகல. பாரம் தூக்க வந்துட்டாரு."

பெட்டிக்குள் இருந்தது தேலினின் அண்ணன் தேஷெங். தேலின் ஒதுங்கினான். வேறொருவன் தோள் கொடுத்தான். செத்தவனின் மனைவி மெய்ரோங், தலையில் வெள்ளைத் துணியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் ஒரு பக்கம் கிடக்க, ஓரகத்திக்குப் பிடித்து இழுக்க ஒரு சட்டை இருக்கிறதே, சட்டைக்குள் ஆளும் இருக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

சீனாவின் ஹெனான் மாகாணத்து அந்த ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ரத்தம் விற்றார்கள். அண்ணன் தம்பி இருவரும் பெண்டாட்டிகளோடு ஒரே கொட்டகையில் ஊசிக்குக் கை நீட்டியவர்கள். காசோடு எச்.ஐ.வி.யும் வந்தது. பிறகு அரசாங்க மாத்திரைக்கு அது அடங்கிக் கிடந்தது. கூடவே கல்லீரலில் குடியேறிய இன்னொரு கிருமியைத்தான் யாரும் சட்டை செய்யவில்லை. கல்லீரல் கெட்டாலும் வலிக்காது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சாய்யுன் புருஷனை விடவில்லை. முரண்டு பிடித்தவனைத் தெருவே கேட்கும்படி திட்டி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். கழுதை சந்தைக்குப் போகிறது என்று ஊர் சிரித்தது. தேஷெங்கும் சிரித்தான். நீயும் போய் வாயேன் என்று மெய்ரோங் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வலிக்காத பல்ல எவனாவது புடுங்குவானா?" என்றான். அதற்குமேல் அவள் பேசவில்லை. புருஷனை எதிர்த்துப் பேசாத தங்கம் என்று அவளுக்கு ஊரில் பேர். ஓரகத்தி வாயாடியாக வாய்த்ததால் அந்தப் பேர் இன்னும் கொஞ்சம் மின்னியது.

தேலினுக்குக் கல்லீரலில் வந்த கட்டியைக் கடலைப்பருப்பு அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். தேஷெங் ஆஸ்பத்திரிக்குப் போனது கண் மஞ்சளாகி வயிறு ஊதிய பிறகு.

அடக்கம் முடிந்து முற்றத்தில் சாப்பாடு நடந்தது. யாரோ ஊற்றிக் கொடுத்த சாராயக் கிண்ணத்தை தேலின் வாயருகே கொண்டுபோனான். சாய்யுன் அதைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள்.

"அண்ணன் சாவுக்கு ஒரு வாய் குடிக்கக் கூடாதா?"

"குடி. உனக்கும் பெட்டிக்கு மரம் பாத்து வச்சுட்டு வந்து குடி."

அடுத்த மேசையில் சிரிப்பு எழுந்தது. மெய்ரோங் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாய்யுன், உன் புருஷனக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. என் கண்ணு முன்னால அவன நிறுத்தி நிறுத்திக் காட்டாத."

அவள் அப்படிப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தேலின் வாசலில் வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சாய்யுன் உள்ளே வந்தாள்.

"போறேன் அக்கா. ஒண்ணு கேக்கணும். நீ எப்ப ஸ்கேன் எடுத்த?"

"எனக்கென்ன? எங்கயும் வலிக்கலையே."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று மெய்ரோங்குக்கு உறைத்தது. சாய்யுனுக்கும் உறைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள், துக்க வீடு என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள். அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் வாய மூடிக்கிட்ட?" என்றாள் மெய்ரோங். "அவன மட்டும்தான் திட்டுவியா?"

சாய்யுன் ஆரம்பித்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? அதே ஊசிதான உனக்கும் குத்துனாங்க? திங்கக்கெழம காலையில வருவேன். பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாது, வெறும் வயித்தோட வாசல்ல நிக்கணும். வரலன்னா ஊரக் கூட்டுவேன், தெரியும்ல?"

மெய்ரோங் தலையிலிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து தேலின், இருட்டப் போகிறது, கிளம்பலாமா என்று குரல் கொடுத்தான்.

"பேசாம உக்காரு. அக்காகிட்ட பேசிட்டிருக்கேன்ல."

மெய்ரோங் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். வெளியே தேலின் காத்துக்கொண்டிருந்தான்.