பட்டன் டப்பா

பதினொன்றேகாலுக்கு மூன்றாவது தடவையாகவும் அப்பா போனை எடுக்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் ஏழு நீலத்துணிகளை விரித்துப் போட்டு, ஏழும் ஏழு நிறம் என்று சாதித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்தது. கண்ணாடியை மாற்றச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பேரம் முடியாமல் நான் கல்லாவிலிருந்து எழுந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரையும் நம்பாமல்தான் முன்னுக்கு வந்திருக்கிறோம். வாசல் பூட்டை விற்றவனிடமே, "இதை உன்னால தெறக்க முடியுமா?" என்று கேட்டு, அவன் உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் வாங்கினேன். மிதியடிக்குக் கீழே சாவி வைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது திருடனுக்கு வாசிக்கும் வரவேற்புரை. மாற்றுச் சாவி வெளியாள் யாரிடமும் கிடையாது. இதற்கெல்லாம் மேலே என் சொந்த ஏற்பாடு ஒன்று: நான் கிளம்பியதும் அப்பா உள்ளே பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே சாவி நின்றால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் நுழையாது. கள்ளச்சாவிக்காரன் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. எந்தச் சாவியும் என்றால் என் சாவியும்தான்.

கடப்பாரைக்கு எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் ஓடி ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த நொடியில் அப்பாவுக்கு முன்னால் அலமாரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில் இருக்கும் தையல்காரக்கா, துணி அளக்கும் மர அளவுகோலை அவர் வலது காலோடு சேர்த்து லைனிங் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி.

"வந்துட்டாரு துரை. ஏன்டா இப்படி வேர்த்துக் கொட்டுது? எவனாவது வெலையைக் கொறச்சுட்டானா?" என்றார் அப்பா.

"போனை ஏம்ப்பா எடுக்கல?"

"போன் கட்டில்ல கெடக்கு. நான் இங்க கெடக்கேன்."

"அக்கா எப்படி உள்ள வந்தாங்க?"

"சாவி போட்டுத்தான். பின்ன ஜன்னல் வழியாவா?"

"பூட்டுல உள்பக்கம் சாவி இருக்குமே!"

"நீ அந்தப் பக்கம் போனதும் எடுத்து ஆணியில மாட்டிருவேன். ஆறு மாசமா அப்படித்தான். கள்ளனைத் தடுக்கறேன்னு என்னையும்ல சேர்த்துப் பூட்டிட்டுப் போற? இன்னொரு சாவியை நான்தான் இவகிட்ட குடுத்து வெச்சேன். உன்னைக் கேட்டா தருவியா நீ?"

அக்கா குண்டூசியை எடுத்தாள். "பதினோரு மணிக்கு ஐயா டீ போட எழுந்திருப்பாரு. என் தலைக்கு மேல கைத்தடி பதினாலு தடவை கேக்கும். இன்னிக்கு எட்டோட நின்னுபோச்சு. அப்புறம் தொம்முனு ஒரு சத்தம். கால அசைக்காதீங்க ஐயா, ஆம்புலன்ஸ் வருது."

அந்தப் பதினாலு எனக்குத் தெரியாது. தினமும் நான் போடும் பதினொன்றேகால் போன் மட்டும்தான் தெரியும்.

மாவுக்கட்டோடு அப்பாவைக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, சாயங்காலம் கீழே போனேன். நன்றி சொல்லப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில், சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் கால் போனது.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் விளிம்புவரை பட்டன்கள். எந்தத் திருடனும் கொட்டாவி விட்டு மூடிவிடுவான். அவள் முழங்கைவரை விட்டுக் கிளறினாள். அடியிலிருந்து சாவிகள் மேலே வந்தன. பத்து, இருபது, இன்னும் வந்தன. எதிலும் எண் இல்லை, பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய ஒரே ஒரு பட்டன்.

எங்கள் சாவியில் சாம்பல்நிறப் பட்டன். பார்த்ததும் தெரிந்தது. கையைக் குறைக்கச் சொல்லி அவளிடம் கொடுத்த என் சட்டையின் நாலாவது பட்டன் அது. அதற்குப் பதிலாக இப்போது சட்டையில் இருக்கும் பட்டன் அரைச்சாயம் வெளுப்பு. துவைத்து வெளுக்க வைத்துவிட்டார் என்று சலவைக்கடைக்காரரோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்று, இரண்டு தடவை இலவசமாக இஸ்திரி வாங்கியிருந்தேன்.

"வீட்டு நம்பர எழுதி வெச்சா கண்ணிருக்கிறவன் எல்லாம் படிப்பான் தம்பி. பட்டனைத் தெச்சவளாலதான் படிக்க முடியும்."

"எத்தனை வீட்டுச் சாவிக்கா இது?"

"தந்தவங்க தந்தாங்க. நான் எண்ணல."

கரும்பச்சைப் பட்டன் கட்டிய ஒன்றை எடுத்தேன். "இது யாரு வீட்டுது?"

அதை மெதுவாக என் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டாள். "உங்க பட்டனைக் காட்டி வேற ஒருத்தர் கேட்டா, சொல்லட்டுமா?"

பிறந்ததிலிருந்து பேரம் பார்த்தவன் நான். எதிராளி வாயைத் திறக்குமுன்னே பதில் வைத்திருப்பவன். அன்றைக்கு எங்கள் சாவியை எடுத்து நானே டப்பாவுக்குள் திரும்பப் போட்டேன். ஒரு கட்டடமே நூல் கட்டி உள்ளே படுத்திருந்தது. அவள் மூடியை அழுத்தி, அதன் மேல் கத்தரிக்கோலை வைத்தாள். அவ்வளவுதான் காவல்.

மறுநாள் காலை லிஃப்டில் ஐந்தாவது மாடிக்காரர் இருந்தார். வாசலில் இரண்டு கேமரா மாட்டி, பத்து வருடமாக யாருக்கும் வணக்கம் சொல்லாத ஓய்வுபெற்ற அதிகாரி. கரும்பச்சை ஸ்வெட்டர். நீலத்தில் ஏழு பார்ப்பவனுக்குப் பச்சையில் இரண்டு தெரியாதா? மேலிருந்து மூன்றாவது பட்டன், மற்றவற்றைவிட இலேசான பச்சை.

சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் பார்வையும் என் சட்டைமேல் இறங்கி, நடுவில் எங்கேயோ நின்றதுபோலிருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடியைக் கடக்கும்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் நாலாவது பட்டனைக் கையால் மூடிக்கொண்டேன்.