ஆவி வராத கோப்பை

ஒன்பது வருடம் மாகாண மாநாட்டுக் கூடத்தில் தேநீர் ஊற்றினேன். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று எனக்குச் செய்தித்தாள் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை வைக்கும் இடமே சொல்லிவிடும். துணை ஆளுநர் யென் கெவெய்யின் கோப்பையைக் கதவோரத்திலிருந்து நடுமேசைவரை நகர்த்தியவள் நான்தான். அணைக்கட்டு ஆபீஸில் எழுத்தராக ஆரம்பித்த மனுஷன்! அவர் கட்டிய பாலங்களெல்லாம் விரிசல் விட்டன, அவர் வீடு மட்டும் மாடிமேல் மாடியாக ஏறியது.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மகள் ஷூயினுக்கு நர்ஸ் வேலை கேட்டு இரண்டு பெட்டி சிகரெட் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருந்தது சிகரெட் இல்லை, சுருட்டிய நோட்டுகள். தேநீர் ஊற்றுகிறவள் காசாயிற்றே என்று அந்த ஆள் திருப்பிக்கூடத் தரவில்லை. ஒரு போன் போட்டார், வேலை கிடைத்தது.

அன்று காலை, தலைநகரிலிருந்து வந்த ஊழல் விசாரணைக்காரர் ஒருவர் வெந்நீர் அறைக்குள் நுழைந்தார்.

“யென் ஐயாவுக்கு நீங்கதானே ஊத்துறது?”

“ஆமாங்க.”

“இன்னைக்கு அவருக்கு மட்டும் வெதுவெதுன்னு ஊத்துங்க. பிடிக்கப் போறப்ப கொதிக்கக் கொதிக்க எங்க மூஞ்சில வீசிட்டா வம்பு. வாயைத் தொறந்தீங்க, உங்களையும் சேத்து வண்டில ஏத்திருவோம்.”

யென் பிடிபட்டு வாய் திறந்தால் முதலில் யார் பேரைச் சொல்வார்?

கூட ஊற்றும் தாவ் வேறு உள்ளே வந்து, “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? புருஷன் ஊர்லேருந்து சொல்லாம வந்துட்டாரா?” என்று சிரித்தாள்.

“வாயை மூடுடி, சனியனே.”

கூட்டம் தொடங்கியது. வரிசையாகக் கோப்பைகளிலிருந்து ஆவி எழும்பியது, ஒன்றைத் தவிர. யென் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றது. கோப்பையைப் பார்த்தார், அடுத்த கோப்பையைப் பார்த்தார், மூடியிருந்த கதவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

ஐயா, நான் காட்டிக்கொடுக்கல, சொன்னதைத்தான் செஞ்சேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

“ஏம்மா பாங்,” என்றார், கூடமே கேட்கிற குரலில். “உன் மக நல்லாருக்காளா? ஆஸ்பத்திரி வேலையெல்லாம் ஒழுங்காப் போகுதா?”

ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் என் மகளைப் பற்றிக் கேட்டதில்லை.

கதவு திறந்தது. நான்கு பேர் வந்தார்கள். யென் தானாகவே எழுந்து நடந்தார். மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டார். பின்னால் போன விசாரணைக்காரர் என்னருகில் நின்று, சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்தார்.

“எந்த ஆஸ்பத்திரிம்மா? மக பேரென்ன?”

கையிலிருந்த கெட்டிலை மேசைமேல் வைத்தேன்.

“ஷூயின்,” என்று என் வாயாலேயே சொன்னேன்.