கண்ணாடிக்காரரும் பட்டாணியும்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் அவரும் நானும்தான். அளவெடுப்பதும் அறுப்பதும் பொருத்துவதும் அவர் வேலை. மறுமுனையைப் பிடிப்பது, வண்டி ஓட்டுவது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது, நடுநடுவே அவரைத் திட்டுவது என் வேலை. ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது என்பதால்தான் எங்கள் கல்யாணம் இவ்வளவு காலம் தாங்கியிருக்கிறது என்று மகள் கிண்டல் செய்வாள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆறாவது மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு காலை மட்டும் ஊன்றி, வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு, உள்ளே நிற்கிற என்னிடம் மதியத்துக்கு என்ன சமையல் என்று விசாரிக்கிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் தெருவில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். நான் அவர் தோள் உயரம்கூடக் கிடையாது. எனக்குப் பின்னால் ஒளிய வேண்டுமானால் முட்டியை மடக்க வேண்டும். மடக்குவார், அதில் அவருக்கு வெட்கமே இல்லை.

யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் எத்தனை ஜன்னல் என்று கேட்பதற்கு முன்னால், "நாய் இருக்கா?" என்றுதான் கேட்பார். நாய் இருந்தால் கண்ணாடிக்கு விலை கூடுமோ என்று குழம்பிப்போன வாடிக்கையாளர்கள் பலர். ஒரு அம்மாள் எங்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, சின்ன நாய்தான், வயசாகிவிட்டது, பல்லெல்லாம் கொட்டிவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். இவர் அந்த வேலையையே வேண்டாம் என்றுவிட்டார்.

என்றைக்காவது நாய் கடித்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சின்ன வயதில் ஒரு நாய் துரத்தியிருக்கிறது. இவர் ஓடிப்போய் நின்றிருந்த லாரியின் மேல் ஏறிக்கொண்டார். நாய் கீழேயே படுத்துவிட்டது. கூட விளையாடிய பையன்கள் சுற்றி நின்று சிரிக்க, இருட்டும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். ஒருநாள் சண்டையில் இதைச் சொல்லிக்காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"கடிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சுபோயிருக்கும். அது கடிக்காம விட்டுடுச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த லாரியைப் பற்றி மட்டும் நான் பேசுவதில்லை. மற்றதையெல்லாம் பேசுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். வேறு பகுதியில் தனியாக வீடு எடுத்துத் தங்கினாள். தனியாக இருக்காதே, துணைக்கு யாரையாவது வைத்துக்கொள் என்று இவர்தான் போனில் ஓயாமல் நச்சரித்தார். அவளும் அப்பா பேச்சைத் தட்டாமல் துணைக்கு ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாலையோரம் அடிபட்டுக் கிடந்தது, கட்டுப்போட்டுப் பிழைக்க வைத்தாளாம். கன்றுக்குட்டி அளவு இருக்கிற அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்தாள்.

அன்றிலிருந்து இவர் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. பார்க்க ஆசை வந்தால் தெருமுனை பேக்கரிக்கு அவளை வரச் சொல்வார். அப்பாவும் மகளும் யாரோ மாதிரி அங்கே நின்று டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். அவளால் வர முடியாது, இவர் போகமாட்டார். நான் மேலே போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தால், எதிர்ச்சுவர் நிழலில் நின்று அவள் ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது. எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

நாலைந்து மாதத்துக்கு முன்னால் அவள் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துத் தனியாகத் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னாள். பக்கவாதம் வந்தவர்களும் கால் முறிந்தவர்களும் மறுபடி நடக்கப் பழக வேண்டுமானால் எதிரில் முழுக் கண்ணாடி வேண்டுமாம். தான் எப்படி நிற்கிறோம் என்று தன் கண்ணாலேயே பார்த்தால்தான் உடம்பு சொன்னபடி கேட்குமாம். மூன்று பெரிய கண்ணாடிகள் போட வேண்டும் என்றவள், அப்பாவிடம் நீயே கேள் என்று பொறுப்பை என்னிடமே விட்டாள்.

"வேற கடையில சொன்னா வந்து போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா, அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா இதுக்கும் அப்பா வரலன்னா, இனிமே நான் வாங்கன்னு கூப்பிட மாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே அசிங்கமா இருக்கு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்தி விஷயத்தை முடித்திருப்பேன். அப்படியே இவரிடம் சொன்னேன். அன்று முழுக்க இவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அறுத்த கண்ணாடியையே மறுபடி அளந்துகொண்டிருந்தார். கடையைப் பூட்டும்போது, அதைப் பூட்டி வைப்பாளா என்று கேட்டார். வைப்பாள் என்றேன். எந்தப் பக்கமாகப் பூட்டுவாள் என்றார். வெளிப்பக்கமாகத்தான், உள்ளே தாழ் போட்டுக்கொள்ள நாய்க்குக் கை இல்லை என்றேன்.

வேலை நாளன்று அவள் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். இவர் இறங்கவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"இறங்குங்க. கண்ணாடி தானா நடந்து மேல போகாது" என்றேன்.

மகள் மேலே கூட்டிக்கொண்டு போய், நடைவழியில் துணி துவைக்கிற அறையைக் காட்டினாள். கதவு சாத்தி, வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. இவர் தள்ளி நின்றபடியே தாழ் பலமானதா, சில நாய்களுக்குத் தாழ் திறக்கத் தெரியுமாமே என்று விசாரித்தார்.

"அவனுக்குச் சில நேரம் அவன் பேரே தெரியாதுப்பா" என்றாள் மகள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடி வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், அது போகிற வழியில் உள்ள எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து, அடியில் கட்டை கொடுத்துவிட வேண்டும். தூக்கிக்கொண்டு போகும்போது காற்றில் ஒரு கதவு அறைந்தால் கண்ணாடியும் போகும், கையும் போகும். அதற்காக இவர் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலைச் சீவி நீலக் கட்டைகள் செய்து பையில் வைத்திருப்பார். புதுச் செருப்பு வாங்கினாலே கட்டை ஆகிவிடும் என்று நான் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பழக்கம், இரண்டு பேர் பிடித்த கண்ணாடியை எதிராளி "விடலாம்" என்று சொல்லாமல் விடக் கூடாது. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட அந்த ஒரு வார்த்தையை நாங்கள் பேசியிருக்கிறோம்.

நானும் மகளும் கீழே போய்க் கண்ணாடிகளுக்குச் சுற்றியிருந்த போர்வைகளைப் பிரித்தோம். மேலே இவர் கதவுகளைத் தயார் செய்துவிட்டு, சுவரில் துளை போட்டு அடிச்சட்டத்தை முடுக்கினார். துளைபோடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பிறகு இறங்கி வந்து, முதல் கண்ணாடியை என்னோடு தூக்கினார். மகள் வண்டிக்குக் காவல் நின்றாள். வேலை என்று வந்துவிட்டால் இவர் வேறு மனிதர். படி, திருப்பம், மெதுவா, தூக்கு என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். பின்னால் பிடித்துவந்த எனக்கு ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வியர்த்து வழிந்த என் மூஞ்சியும்தான் தெரிந்தன.

இரண்டு கண்ணாடிகளை எதிர்ச்சுவரில் பொருத்தியாயிற்று. மூன்றாவது பக்கச்சுவரில், மூலையை ஒட்டி. பசை தடவி, அடிச்சட்டத்தில் உட்கார வைத்து, நிமிர்த்திச் சுவரோடு சேர்த்தோம். பசை பிடிக்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இவர் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து ஊன்றினார், நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். வீடே அமைதியாக இருந்தது.

திடீரென்று இவர் உடம்பு விறைத்தது. கண்ணாடிக்குள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வாசலில் பட்டாணி நின்றுகொண்டிருந்தது.

"பின்னாடி" என்றார். குரலே வரவில்லை.

"தெரியுது. கையை எடுத்துடாதீங்க."

எடுத்தால் கண்ணாடி எங்கள் மேலேயே சாயும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு நாய் வருகிற இடத்தில் ஓடாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டாணி மோந்துகொண்டே அறைக்குள் வந்தது. நடுவில் வந்து தலையை நிமிர்த்தியது. எதிர்ச்சுவரிலிருந்து ஒரு பெரிய நாய் அதையே முறைத்துப் பார்த்தது. திரும்பினால் பக்கச்சுவரில் இன்னொன்று. பட்டாணி குரைக்கக்கூட இல்லை. மெல்லிசாக ஒரு முனகல் முனகிவிட்டு, வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு, ஒளிய இடம் தேடியது. அந்த வெற்று அறையில் ஒளிய என்ன இருக்கிறது? இவர் கால்கள்தான் இருந்தன. நேராக வந்து இரண்டு காலுக்கும் நடுவில் தலையை நுழைத்து, முழங்காலோடு ஒட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. உடம்பு வெளியே கிடந்தது. ஒளிகிற லட்சணத்தில் இருவருக்கும் ஏகப் பொருத்தம்.

வாசலில் மகள் மூச்சிரைக்க நின்றாள். மாடி ஏறி வரும்போதுதான் துணி துவைக்கிற அறை திறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். முகம் வெளிறிப்போய், பட்டாணியைக் கூப்பிட வாயெடுத்தாள்.

"கூப்பிடாத" என்றார் இவர்.

கண்ணைத் திறந்திருந்தார். கண்ணாடியில் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுங்குதுடீ" என்றார் என்னிடம். "கால்ல தெரியுது. எனக்கு நடுங்குற மாதிரியே நடுங்குது. எதைப் பார்த்து?"

"நாயைப் பார்த்துதான்" என்றேன். "அவனுக்கும் நாய்னா பயம் போல."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஊன்றிய கைகளை இன்னும் அழுத்தினார். பிறகு தலையை மட்டும் குனிந்து, லாரி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் பேசுவது போன்ற குரலில் பேசினார்.

"ஒண்ணுமில்லடா. அது கடிக்காது. நான் நிக்கிறேன்ல."

மகள் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பசை எப்போதோ பிடித்திருந்தது. நான்தான் சொல்லவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் "விடலாம்" என்றேன். இவர் கையை எடுத்தார், காலை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருக்கட்டும். இப்பதான் அடங்கியிருக்கான்."

அது அவனாகிவிட்டதை நான் கவனித்தேன், மகளும் கவனித்தாள். ஆனால் நிம்மதி வந்ததும் இவருக்குக் கோபமும் வந்துவிட்டது. அப்பா வருகிற நாளில் கதவை ஒழுங்காகப் பூட்டத் தெரியாதா, இதுதான் நீ பூட்டுகிற லட்சணமா என்று மகளைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்து போய், எதையோ எடுத்துவந்து அவர் கண்முன் நீட்டினாள். நீல ரப்பர் கட்டை.

கைப்பழக்கத்தில் அந்த அறையின் தாழை நீக்கி, கதவை விரியத் திறந்து, அடியில் கட்டையும் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த கதவுக்குப் போயிருக்கிறார் மனிதர். துளைபோடுகிற சத்தத்துக்குப் பயந்து பட்டாணிதான் பாவம் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்திருக்கிறது. இவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கதவு அறைந்தால் ஆபத்தில்லையா என்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"காபி போடட்டுமாப்பா?" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

"போடு" என்றார். "சக்கரை கம்மியா."

தெருவில் வேறு நாய் வந்தால் இவர் இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் வீட்டுக்குப் போகிறார். பட்டாணி படுக்கிற மூலையில் அந்த மூன்றாவது கண்ணாடியின் கீழ்ப்பாதியை நாய் உயரத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறார். பயம் ஒரே நாளில் போகாதாம், வாரம் ஒரு விரல் அகலம் மேலிருந்து உரித்தால் பழகிக்கொள்வானாம். அதற்கென்று அளவுகோலும் கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

பட்டாணிக்குப் பயம் போய் வெகுநாளாகிறது என்று மகள் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தாள் ஒட்டாத கண்ணாடிகளில் தன் முகத்தைப் பார்த்து வாலாட்டி, நக்கி நக்கி எச்சில் பண்ணி வைக்கிறானாம், துடைத்து மாளவில்லையாம். மிச்சத் தாளை ஒரே இழுப்பில் உரித்துவிடலாம். இவரிடம் யாரும் சொல்லவில்லை. போன வாரம் பார்த்தேன், இவர் கத்தியில் உரித்தது ஒரு விரல் அகலம்கூட இல்லை, அரை விரல்தான் இருக்கும்.