சிவப்புக் கூடை

"ரெண்டே ரெண்டு நாள்" என்று சொல்லித்தான் அந்த நாயை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இப்படிச் சொல்லி அவர் கொண்டுவந்ததில் இது மூன்றாவது. முதலில் இரண்டு நாளுக்கென்று வந்த மேனேஜர் ஏழு வருஷமாக வாசற்படியில் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து இரண்டு நாளுக்கு வந்த பொடியன் சோபாவின் ஒரு பக்கத்தைத் தின்று தீர்த்துவிட்டு மறுபக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. பெயர் வைத்தால் தங்கிவிடும் என்று இந்தப் புதியதற்குப் பெயர் வைக்க அவர் மனைவி விடவில்லை. கடைசியில் ரெண்டுநாள் என்பதே அதன் பெயராகிப் போனது.

அவர் லிப்ட் மெக்கானிக். பழைய கட்டடம் ஒன்றில் லிப்டின் அடிப்பள்ளத்துக்குள் இறங்கியபோது இது சுருண்டு கிடந்ததாம். வேறு யாராவது இருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை ரெண்டுநாள் கழுத்தை நீட்டிக்கொண்டு இரும ஆரம்பித்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி வறட்டு இருமல், முடிவில் கொஞ்சம் வெள்ளை நுரை. "எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று அவர் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். எலும்பு எதுவும் இல்லை. அதே கையால் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். பிறகு பொடியனை. இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

கால்நடை டாக்டரம்மா அவர்களை உள்ளேயே விடவில்லை. "உள்ள பத்து நாய் உக்காந்திருக்கு, பின்பக்க கேட்டுக்கு வாங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அங்கே வந்து ரெண்டுநாளின் தொண்டையை விரலால் லேசாக அழுத்தினார். உடனே இருமியது.

"நாய்க்கு நாய் தொத்துற இருமல் இது. காத்துல பரவும், தண்ணிக் கிண்ணத்துல பரவும், துணியில, கையில, எல்லாத்துலயும் பரவும். கழுத்துப் பட்டை போடாதீங்க, தொண்டைய அழுத்தக் கூடாது. மேனேஜருக்கும் பொடியனுக்கும் இந்நேரம் தொத்தியிருக்கும். சின்னதுங்க மூணும் ரெண்டு மூணு வாரத்துல தேறிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம் கேட்டார். "கிழவி எங்க?"

"வீட்லதான் இருக்கு, டாக்டர்."

"அத இதுங்க பக்கத்துலயே விடாதீங்க. பதினாலு வயசு, வீங்கின இதயம். நெஞ்சுக்குள்ள இறங்கிச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

கிழவி அவளுடைய நாய். கல்யாணத்துக்கு முன்பே, முதல் வேலைக்காகத் தனியறை எடுத்துத் தங்கியிருந்த காலத்திலிருந்தே அவளுடையது. நான்கு நாய்களில் அது ஒன்றுதான் வெள்ளை, அது ஒன்றுதான் அவள் கொண்டுவந்தது. கிழவிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினாள்.

தொற்று என்றால் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினாறு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒருவருடைய ரத்தம் எடுத்த குழாய் இன்னொருவருடையதோடு கலந்ததாக இன்றுவரை ஒரு புகார் கிடையாது. அன்று மத்தியானத்துக்குள் வீடு இரண்டானது. படுக்கையறையும் சமையலறையும் சுத்தப் பக்கம், அங்கே கிழவியும் அவளும். கூடம் இருமல் பக்கம், அங்கே மூன்று நாய்களும் அவரும். நடுவில் தரையில் டேப் ஒட்டினாள். கிண்ணம், துண்டு, விளக்குமாறு, செருப்பு எல்லாவற்றுக்கும் அந்தந்தப் பக்கத்து நிறத்தில் சீட்டு: சுத்தத்துக்கு நீலம், இருமலுக்குச் சிவப்பு. துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கூடைகள் வைத்தாள். சிவப்புக் கூடைத் துணியை வெந்நீரில் தனியாகத் துவைப்பது அவர் பொறுப்பு.

"நான் ஏம்மா இருமல் பக்கம்?" என்று அவர் கேட்டார்.

"கொண்டுவந்தது யாரு?"

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே கதவுக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டார்கள். கதவு வழியாகவே காதில் விழும் குரல், அரை நொடி கழித்துப் போனிலும் வந்து அவளுடைய உயிரை வாங்கியது.

அவரைத் திருத்துவது கல்லில் நார் உரிக்கிற வேலை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் டேப்புக்கு அருகே வந்து நிற்பார். கால் கட்டைவிரல் மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கும்.

"ஏங்க, காலை எடுங்க."

"விரல் மட்டும்தானேம்மா."

"விரலுக்கு மட்டும் தொத்தாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா? இங்க பாருங்க, இப்பவே சொல்லிட்டேன். கிழவி ஒரே ஒரு தடவ இருமட்டும், அந்த ரெண்டுநாள் இந்த வீட்ல இருக்காது. வேற நாயே இல்லாத இடமாப் பார்த்து அனுப்பிடுவேன்."

"சரிம்மா" என்று அவர் விரலை இழுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் மேனேஜர் இருமியது. ஆறாம் நாள் பொடியன். கூடத்தில் மூன்றும் மாறி மாறி இருமுவதைக் கேட்டால் பழைய ஸ்கூட்டர்களை யாரோ உதைத்துக் கிளப்புவது போலிருந்தது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் மூன்றோடும் அவரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். வெளியே வரும்போது அவருடைய முகம் அவித்தெடுத்த மாதிரி இருக்கும்.

கிழவி இருமவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. ஏழாம் நாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முட்டை வைத்தாள், கோழியை வேகவைத்துப் பிய்த்து வைத்தாள், மடியில் போட்டு ஊட்டிப் பார்த்தாள். இதய மாத்திரை சோற்றுக்குள்தான் போக வேண்டும். சோறு போகாததால் மாத்திரையும் போகவில்லை. கிழவி கதவடி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு, கூடத்தில் அவருடைய குரல் கேட்கும்போதெல்லாம் வாலால் தரையை ஒருமுறை தட்டியது.

தினமும் மாலை வேலை முடிந்து வந்ததும் அவர் கிழவியின் பின்னங்கால்களைப் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அது தட்டுக்குப் போகும். இத்தனை நாள் இதை அவள் கண்டும் காணாமல் இருந்திருக்கிறாள். பதினாலு வருஷம் வளர்த்தவள் இங்கே மண்டியிட்டுக் கெஞ்ச, அது அவருக்காக ஏங்கிக் கிடந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் மாலை பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தவள் இரண்டு கூடைகளுக்கும் முன்னால் நின்றாள். சிவப்புக் கூடையில் மேலாக அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை கிடந்தது. வேலைக்குப் போட்டுப்போன சட்டைதானே, நாய்களுக்குப் பக்கத்தில் இதோடு எவ்வளவு நேரம் இருந்திருக்கப் போகிறார், வந்ததும் கழற்றியிருப்பார் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டினாள். அலசி எடுத்தால் வாசனை போய்விடும். கூடையில் தன் கையால் ஒட்டிய சிவப்புச் சீட்டைப் பார்க்காமல் சட்டையை எடுத்துக்கொண்டாள்.

கிழவி சட்டையில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. பிறகு எழுந்து போய்த் தட்டைக் காலி செய்தது. மாத்திரையும் போனது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

பதின்மூன்றாம் நாள் காலை கிழவி இருமியது.

அடுத்த நொடி அவள் செய்த முதல் காரியம் சட்டையை உருவிச் சுருட்டிச் சிவப்புக் கூடையின் அடியில் திணித்ததுதான். இரண்டாவது காரியம், கூடத்துக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டது.

"தாண்டாதீங்க தாண்டாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! விரலுதானே, விரலுதானேன்னு வந்து நின்னீங்களே! இப்பத் திருப்தியா?"

அவர் மேனேஜரின் காதைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்து மருந்து எழுதினார். "இப்போதைக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு. இன்னும் பத்து நாள் தாண்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அந்த டேப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் அவள் அதைப் பிய்க்கவில்லை. கோடு இருக்கும்வரை, தாண்டியவர் அவர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திட்டினாள். காலையில் திட்டினாள், வேலையிலிருந்து போன் போட்டுத் திட்டினாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டே திட்டினாள். உண்மை தொண்டைவரை வரும், வந்ததும் அதையும் திட்டாக மாற்றி அவர் தலையில் கொட்டினாள். வெள்ளிக்கிழமை மட்டும் அசதியாக இருந்ததால் சும்மா இருந்தாள். அன்று சோறும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டுநாளை அழைத்துப் போக ஆள் வருகிறது என்று அவரே சொன்னார். அவர் லிப்ட் பார்க்கும் சரக்குக் கிடங்கின் காவலாளி. அங்கே வேறு நாய் கிடையாதாம்.

"சொன்ன மாதிரி செஞ்சிடலாம்மா" என்றார். அவள் தலையாட்டினாள்.

காவலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கையில் இரும்புச் சங்கிலியும் அகலமான தோல் பட்டையும் கொண்டுவந்திருந்தார்.

"பகல்ல கட்டித்தான் போட்டிருப்போம், லாரி வந்துபோற இடம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பட்டையை மாட்டினார். ரெண்டுநாள் வாலை ஆட்டியது. பட்டை இறுகியதும் கழுத்தை நீட்டிக்கொண்டு இருமத் தொடங்கியது. நிற்கவே இல்லை. நுரை கக்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் இருமியது. அதன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"கழட்டுங்க அத!" என்று அவள் கத்தினாள்.

காவலாளி பதறிப்போய்க் கையை எடுத்தார். அவளே உட்கார்ந்து பட்டையைக் கழற்றினாள். கழற்றியபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"இது ஒண்ணும் பண்ணல. இவரும் கோட்டத் தாண்டல. சிவப்புக் கூடையில இருந்து இவர் சட்டைய எடுத்துக் கிழவிக்குப் போட்டது நான்தான்."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கணவரின் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"காதுல விழுந்துச்சா?"

"தெரியும்மா" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"கூடைத் துணியத் துவைக்கிறது நான்தானே. அடியில கிடந்துச்சு. சட்டை முழுக்க வெள்ளை முடி."

பதினாறு வருஷம் ஒரு குழாயைக்கூட மாற்றி வைக்காத அவளுக்கு முடி ஞாபகம் வரவில்லை. பட்டையைத் தரையில் போட்டாள். பிறகு கோபம் மொத்தமும் திரண்டு வந்தது.

"தெரிஞ்சுமா அஞ்சு நாள் திட்டு வாங்கினீங்க? தெரிஞ்சுமா இதை அனுப்பப் பாத்தீங்க? வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

"கொண்டுவந்தது நான்தானே. அதுவும் பொய்யில்லையே" என்றார். கிண்ணத்தைப் பையிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்பதுபோல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "அதோட, திட்டின நாளெல்லாம் நீ சாப்பிட்ட. வெள்ளிக்கிழம திட்டல, தட்ட அப்படியே தள்ளி வெச்சிட்ட. கிழவிக்கு என் சட்ட வேண்டியிருந்துச்சு. உனக்குத் திட்ட ஆள் வேண்டியிருந்துச்சு. நான் வேற என்ன பண்ணட்டும்?"

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படித்தான் சண்டை போடுவது? அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. காவலாளி சங்கிலியைச் சுருட்டியபடி, "அப்ப நாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாய் எங்கயும் போகல" என்றாள் அவள்.

படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டாள். கிழவி தடுமாறித் தடுமாறி வந்தது. அவளைக் கடந்து, டேப்பைக் கடந்து, நேரே அவரிடம் போய்ப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் கால்களைப் பிடித்துவிட்டார். அது இருமியது, இருமி முடித்துவிட்டு அவர் கையை நக்கியது.

அவள் உட்கார்ந்து டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தாள். பசை தரையில் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது. கிழவி பத்து நாளைத் தாண்ட இன்னும் ஐந்து நாள் பாக்கி. அந்த ஐந்து நாளும் அவருடைய சட்டையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சமையலறைக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து மாத்திரையை உள்ளே வைத்துக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, நீங்களே குடுங்க" என்றாள். "கையக் கழுவிட்டு."