முனி அடித்த விலா

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் சுதாகரன் மருந்து கொடுப்பவர். டாக்டர் அல்ல. ஆனால் சோறு தின்னும்போதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாத மனிதரை 'டாக்டர் ஐயா' என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஜீவராணியைத் தூக்கிவந்தபோது பனிமூட்டம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. பாதை வளைவுக்குக் காவலாக நட்டுவைத்த முனியாண்டிக் கல்லுக்குப் பக்கத்தில், கொழுந்து மூட்டையோடு சரிந்து விழுந்திருந்தாள். கெண்டைக்காலில் நீளமாக ஒரு கிழிசல். ரத்தம் நிற்க வேண்டுமென்று லயத்து வழக்கப்படி அதில் தேயிலைத்தூளை அள்ளித் திணித்திருந்தார்கள்.

"இது காலா, தேத்தண்ணிக் கோப்பையா?" என்றார் சுதாகரன். "சீனி போட மறந்துட்டீங்களே!"

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. சிரிப்பு கிடைத்தால் சுதாகரனுக்குப் பேச்சு ஊறும். உப்புநீரை ஊற்றித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினார். சுத்தமான துணியை மடித்து அழுத்திக் கட்டினார். கிருமி என்றால் என்ன, அது தேயிலைத்தூளில் எப்படிக் குடும்பம் நடத்தும் என்று விளக்கினார்.

"தண்ணி குடுங்க ஐயா," என்றாள் ஜீவராணி.

"இரும்மா, பேசிக்கிட்டிருக்கேன்ல?"

மறுபடி கேட்டபோது குரல் நூலாகியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தார். ஈரமாய், சில்லென்று இருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. கட்டுப்போட்ட காலில் இருந்து போன ரத்தத்துக்கு இந்த ஓட்டம் கணக்கில் வராது.

"வேற எங்க அடி?"

நாத்தனார் நாகலெட்சுமி ஜீவராணியின் சட்டையை இடப்பக்கம் மெல்ல உயர்த்தினாள். தோல் எங்கும் கிழியவில்லை. விலாவுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஐந்து தடங்கள் விரிந்திருந்தன. கூட்டம் ஓரடி பின்னால் போனது.

"முனி அடிச்சிருச்சு," என்றார் பூசாரி அழகுமுத்து. "கருஞ்சேவல் குடுக்காம கல்லத் தாண்டிக் கொண்டு போனா, உசுரு அங்கனயே எறங்கிரும்."

சுதாகரன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பலகைபோல் இறுகியிருந்தது. வெளியே சொட்டாத ரத்தம் உள்ளே தேங்குகிறது. ஊர் முழுக்கக் கால் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரோடு சேர்ந்து அவரும்தான்.

"வேரு மேல விழுந்திருக்கா. அந்தத் தடம் அது."

"வேருக்குக் கட்டவெரலு இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்டார் அழகுமுத்து.

இருந்தது. கொஞ்சம் தள்ளி, குட்டையாக. சுதாகரனும் அதைப் பார்த்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு எடுங்க," என்றார்.

ஆம்புலன்ஸ் ஹட்டனிலிருந்து ஏறி வர வேண்டும். கொழுந்து லொறிக்காரன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். லயத்தில் துணி விற்க வேன் கொண்டுவந்திருந்த ரிஸ்வி மட்டும் முன்னால் வந்தார்.

"ஏத்துங்க டொக்டர். ஓங்கட முனிக்கு என்னைய யாருன்டே தெரியாது."

ஆனால் ஜீவராணியின் புருஷன் சின்னராசா அவளைத் தூக்கவிடவில்லை. "வழியில ஏதும் ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

சுதாகரன் நெஞ்சை நிமிர்த்தினார். அது அவருக்குப் பழக்கம். "நான்! முனி கேட்டா சுதாகரன்னு என் பேரச் சொல்லு. வந்து நான் பேசிக்கிறேன்!"

சொல்லி முடித்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டீங்க," என்றார் அழகுமுத்து இரக்கத்தோடு. "கேட்டிருக்குங்க."

பொறுப்பு கைமாறியது சின்னராசாவுக்குப் போதுமாக இருந்தது. பெண்டாட்டியைத் தூக்கினான்.

துணி மூட்டைகளின் மேல் ஜீவராணியைப் படுக்கவைத்துக் கம்பளியால் போர்த்தினார்கள். அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுதாகரனுக்குக் கிடைத்தது கல்லுப் பக்கத்துச் சன்னல். இடம் மாறி உட்காரலாம் என்று நினைத்தார். அறிவியல் பேசிய வாய் எப்படி இடம் கேட்கும்?

வளைவு வந்தது. ரிஸ்வி வாய்க்குள் பிஸ்மி சொன்னார்.

"பயமா?" என்றார் சுதாகரன்.

"சேச்சே, பழக்கம்."

கல் தெரியவில்லை. வெள்ளைப் பனி மட்டும் சன்னல் வழியே உள்ளே வந்தது. அப்போது சுதாகரனின் இடக்கையை எதுவோ இறுக்கிப் பிடித்தது.

"விடும்மா! வலிக்குது!"

ஜீவராணியின் கண்கள் மூடியிருந்தன. வேன் இறக்கத்தில் திரும்பியதும் பிடி தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. ஜீவராணி பிழைத்தாள். அடுத்த வாரம் சுதாகரன் பார்க்கப் போனபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி மாதிரி வந்தீங்க ஐயா."

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருப்பார். "அது கெடக்கட்டும். வேன்ல என் கையப் புடிச்சது நீதானே?"

"இல்லீங்களே. ரெண்டு கையாலயும் இவரத்தான் புடிச்சிருந்தேன்."

சின்னராசா தலையாட்டினான்.

அவள் விலாவில் இருந்த தடம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்துகொண்டது. ஊதா பச்சையானது, பச்சை மஞ்சளானது, பிறகு தோல் நிறத்தில் கரைந்துபோனது. "பாத்தீங்களா? கன்னிப்போன ரத்தம் இப்புடித்தான் வத்தும். முனியுமில்ல, ஒண்ணுமில்ல," என்று சுதாகரன் டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறார். உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம்.

காலையில் கதவைத் தாழிட்டுவிட்டு இடக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடிக்கிறார். மாதம் மூன்றாகிறது. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை. ஐந்து தடங்களும் நேற்றுப் பிடித்ததுபோல் நீலமாக இருக்கின்றன.