ஒரு தண்ணீர், இரண்டு தொட்டிகள்

பெரியவர் தன் தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், அதில் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியின் தொட்டிக்குப் போய்விடும். நடுவில் குழாய் இல்லை, ஓட்டை இல்லை. நகராட்சி ஆள் ஒருவர் வந்து இரண்டு பட்டறைகளிலும் குனிந்து பார்த்துவிட்டு, கூடுதல் இணைப்பு எதுவும் இல்லை என்று திருப்தியோடு திரும்பிப் போனார். அத்தோடு தெருவும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

அண்ணனும் தம்பியும் அப்பாவின் பட்டறையில் ஒன்றாக நின்று, கல்லுடைப்பவர்களுக்கு உளி அடித்துக் கொடுத்தவர்கள். ஒன்றுமில்லாத மனத்தாங்கல் ஊதி ஊதிப் பெரிதாகி, கடைசியில் நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சம்மட்டியும் துருத்தியும் சுமுகமாகப் பிரிந்தன. இழுபறியானது ஒன்றுதான்: பழைய இரும்புக் கடையிலிருந்து இருவரும் சேர்ந்து எடுத்து வந்திருந்த எண்ணெய் லாரி டாங்கி. நல்ல கனத்த எஃகு. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நெடுக இரண்டாக அறுத்து, பழுக்கக் காய்ச்சிய உளியை முக்கி எடுக்க ஆளுக்கொரு தொட்டி செய்துகொள்வது என்று முடிவானது. எண்ணெய் டாங்கியை வெறுமையாக வைத்து நெருப்பால் அறுத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடித்து ஆளைத் தூக்கிவிடும் என்பதால், வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, எதிரெதிராக நின்று அறுத்தார்கள். மேல் பாதியைத் தூக்கி மல்லாத்தி வைத்தபோது அதிலும் அதே உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பாகப்பிரிவினையில் தண்ணீரைச் சேர்க்க மறந்துவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது. ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சில வருஷம் அப்படியே ஓடியது. சின்னவர் உளியை முக்கினால் பெரியவர் தொட்டி வெதுவெதுப்பாகும். நாள் போகப் போக அது ஆறாமலே இருந்தது. கல்லுடைப்பவர்கள் எல்லோரும் தம்பி பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். தன் கையை நனைக்கும் ஒவ்வொரு முறையும் தம்பியின் வியாபாரம் பெரியவருக்குச் சுட்டது. வயிற்றெரிச்சல் என்றால் சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. ஒரு மத்தியானம் சோப்புத் தூளை நுரைக்காத அளவுக்குப் பக்குவமாகக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். சோப்புத் தண்ணீரில் முக்கிய உளி இறுகாது, கல்லில் வைத்து அடித்தால் முனை மடங்கும். தன் உளிகளை முக்க ஒரு தகர டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டார்.

சின்னவரின் உளிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அவர் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை, தன் கையைச் சந்தேகப்பட்டார். வீம்பை விட்டுவிட்டு ஒருநாள் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, எனக்குப் பதம் தப்பிப்போச்சு. ஒரு தடவ வந்து பாரேன்."

"வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியவர். அரத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது சின்னவரின் மனைவி. தொட்டியில் கை கழுவப் போனவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். நேராகப் பெரியவரிடம் வந்தார்.

"ஏன் மாமா, இதுக்கு அவரு சோத்துல மண்ணப் போட்டிருக்கலாமே."

ஒரு வாரத்துக்குள் தம்பி குடும்பம் பட்டறையைக் காலி செய்து, தொட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனது. எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு பெரியவர் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினார். காலையில் பட்டறை திறந்ததும் முதல் வேலையாகக் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் எங்கோ தம்பி அடுப்பு மூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். போய்த் தேடலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம், அடுத்த மாதம் ஆகட்டும் என்றார். அப்படி எத்தனையோ மாதங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அது சூடேறவே இல்லை. பெரியவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார்.

அதே வாரம் ஒரு சாயங்காலம், நிறைந்திருந்த தொட்டி மளமளவென்று வற்றி, அடி தெரிய உலர்ந்தது. மறுநாள் குடம் குடமாகச் சுமந்து மறுபடி நிரப்பினார். சாயங்காலம் மறுபடி உலர்ந்தது. தம்பி மனைவி அங்கே தொட்டியைக் கவிழ்க்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின, பெரியவருக்கு முதுகு வளைந்தது. காலையில் நிரப்புவது அவர் வேலை, சாயங்காலம் கொட்டுவது தம்பி மனைவியின் வேலை என்று தெருவும் எடுத்துக்கொண்டது. தண்ணீர் வராத நாட்களில் அண்டை வீட்டுக்காரர்கள் அவருக்கென்று ரெண்டு குடம் எடுத்து வைத்தார்கள்.

ஒருநாள் குடத்தோடு நின்றபடி அவர் மனைவியிடம் சொன்னார்: "கவுத்தவ கவுத்தபடியே விட்டிருந்தா இங்க ஒரு சொட்டு நிக்காது. தெனமும் நிமித்தி வைக்கிறா பாரு. மனசுல ஏதோ ஒரு ஓரத்துல ஈரம் இருக்கு."

மனைவி அடுத்த குடத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்கும் கொட்டணும்ல, அதுக்குத்தான் நிமித்தி வைக்கிறா."

பெரியவர் குடத்தை வாங்கித் தொட்டியில் சாய்த்தார்.