நடுச்சுவர் அகற்றித் தரப்படும்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஒரு விளம்பரத்திலிருந்து எடுத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'வசதியானவர்கள் வாழும் பகுதியில், நூற்றிருபது ஆண்டுப் பழமையான மூன்றடுக்கு வீடு விற்பனைக்கு. நடுச்சுவர் அகற்றித் தரப்படும்.' அப்படியொரு வீட்டை வாங்கும் யோகம் இந்த ஜென்மத்தில் எனக்கில்லை. அந்தக் கடைசி வரிக்காகவே தரகரைப் பிடித்து, வாங்க வந்தவன்போல் நடித்து உள்ளே போனேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அந்த வீடு தன் பழைய நாட்களை எண்ணிப் பெருமூச்சு—'

அடித்துவிட்டேன். வீடா பெருமூச்சு விடும்? விட்டவர்கள் இரண்டு பெண்கள், சுவருக்கு ஆளுக்கொரு பக்கம்.

இருவரும் ஓரகத்திகள்; அண்ணன் மனைவி பெரியவர், தம்பி மனைவி சின்னவர். மாமனார் போனதும் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு, கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை வீட்டை இரண்டாக்கினார்கள். மரப்படிக்கட்டு அண்ணன் பக்கம் போனது. தம்பி வெளியே இரும்புப் படி வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் இறந்த அன்று சின்னவர் தெருவாசல் வழியாக வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் தம்பி இறந்தபோது பெரியவரும் அப்படித்தான். இப்போது இருவரும் தனி. பராமரிக்கத் தெம்பில்லை; தரகர் மூலமாகவே பேசி விற்க முடிவெடுத்தார்கள். பார்க்க வந்தவர்களோ, கட்டியபோது இருந்ததுபோல் முழு வீடாக வேண்டும் என்றார்கள்; அதனால்தான் விளம்பரத்தில் அந்தக் கடைசி வரி.

3

எதற்குச் சண்டை? நான் மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒரு நகை, ஒரு உயில், சாப்பாட்டு மேசையில் வாய்தவறி வந்த ஒரு சொல். மூன்றுமே மற்ற கதைகளிலிருந்து நடந்து வந்தவைபோல் இருந்தன. வேறு வழியில்லாமல் பெரியவரிடமே கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற நூலகர். நான் வீடு வாங்கப் போவதில்லை என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

"காரணம் நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இவ்வளவு பெரிய சுவர் எழுப்புற அளவுக்கு அதுல ஒண்ணுமில்ல," என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் இட்டுக்கட்டப் போவதில்லை.

4

(இந்தப் பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. கொத்தனார் சொன்னதை வைத்து எழுதுகிறேன். பெரியவரின் மனதுக்குள் நுழைந்தது மட்டும் என் துணிச்சல்.)

கொத்தனார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மாடிப் படுக்கையறையிலிருந்து தொடங்குகிறேன் என்றார். பெரியவருக்குத் திக்கென்றது. கணவர் போனபின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். இத்தனை பெரிய வீட்டில் இன்னொரு உயிர் இருமுவதும் புரண்டு படுப்பதும் கேட்கும் ஒரே இடம் அதுதான். இதை யாரிடம் சொல்ல முடியும்? தூசி படாமல் கட்டில்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார்.

பத்துப் பன்னிரண்டு சம்மட்டி அடியில் செங்கல் உள்ளே சரிந்தது. ஓட்டை தலையணை அகலத்துக்குப் பெரிதானது. அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, இன்னொரு கட்டில். அதன்மேலும் ஒரு போர்வை. பக்கத்தில் சின்னவர்.

கொத்தனார் சம்மட்டியை இறக்கி வைத்தார்.

"சுவரோட ஒட்டிப் படுத்தா ஈரம் உடம்புக்கு ஆகுமா?" என்றார் பெரியவர். குரலில் அதட்டல்தான் வந்தது.

"நீங்க மட்டும் எங்க படுத்தீங்க, அக்கா?"

பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். 'அவர் கண்களில் நீர்—' வேண்டாம். கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதனால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

5

வீடு விற்றுவிட்டது. இருவரும் ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டார்கள். குடிபோக வேறு இடம் பார்க்கச் சொல்லியிருந்ததால் தரகர் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்றில், ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியிலும் ஏழாம் மாடியிலுமாக இரண்டு சிறிய வீடுகள். மற்றதில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரே வீடு. "எது வேணும்?" என்றார்.

இருவரும் தாள்களைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பெரியவர் முதலில் வாய் திறப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவ்வளவு எளிதில் இறங்கிவருபவர் அல்ல அவர். சின்னவரைப் பேசவைத்தேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் இளையவர் என்பதற்காக அவரே தணிந்துபோக வேண்டுமா என்று எனக்கே கோபம் வந்தது. இரண்டையும் கிழித்தாயிற்று.

உங்கள் வாழ்க்கையிலும் இப்படிப் பேசாமல் விட்ட ஒருவர் இருக்கக்கூடும். அப்படியானால் அடுத்த வரி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தரகர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.